டிமென்ஷியா உள்ளவர் உடையை நனைத்துக்கொண்டால் எதை முதலில் பார்ப்பது?

டிமென்ஷியா (மறதி நோய்) வந்த அம்மாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். அதில் கடைசி நாலு வருடம் துடைப்பதும் அலசுவதும் மாற்றுவதுமாகவே போனது. முதல் தடவை அவர் நனைந்த உடையோடு நின்றபோது, "வியாதி முற்றிவிட்டது, இனி இப்படித்தான்" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் டயப்பர் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் காரணம் மலச்சிக்கல். அதைச் சரிசெய்த நாலாம் நாள் நனைவது நின்றுவிட்டது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? ஓரிரு நாளில் ஆரம்பித்தது என்றால் பெரும்பாலும் உடம்பில் வேறு ஏதோ கோளாறு. மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வந்தது என்றால் பெரும்பாலும் வழி, உடை, நேரம், ஞாபகம் சம்பந்தப்பட்டது.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். மூன்று நாள் போதும். எத்தனை மணிக்கு நனைந்தது, சொட்டா, முழுசா, கடைசியாக எப்போது போனார், என்ன குடித்தார், மலம் எப்போது போனது, எப்படி இருந்தது. டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## நேற்று வரை சரியாக இருந்தார், திடீரென்று நனைக்கிறார்

முதலில் மலம். மூன்று நாளாகச் சரியாகப் போகவில்லையா? நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அடக்கவும் முடியாது, முழுசாகக் காலி செய்யவும் முடியாது. செலவில்லாத சோதனை, ஆனால் எல்லோரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து மருந்துச் சீட்டு. கடந்த இரண்டு மூன்று வாரத்தில் புதிதாகச் சேர்ந்தது என்ன, டோஸ் கூடியது எது? நீர் பிரிக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை, மனநல மருந்துகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்த சளி, அலர்ஜி மாத்திரையையும் விடாதீர்கள். குளோர்பெனிரமின், டிபென்ஹைட்ரமின் போன்றவை சிறுநீரை உள்ளே தேக்கிவிடும், குழப்பத்தையும் கூட்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலோடு டாக்டரைக் கேளுங்கள்.

மூன்றாவது சிறுநீர்த் தொற்று. போகும்போது முகம் சுளிக்கிறாரா, அடிவயிற்றைப் பிடிக்கிறாரா, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகிறாரா என்று பாருங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே தொற்று இருக்கலாம். ஆனால் நாற்றமடிக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. முதியவர்கள் பலருக்குச் சிறுநீரில் கிருமி சாதாரணமாகவே இருக்கும். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் பொதுவாக அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே நிறமும் நாற்றமும் மாறும்.

நாலாவது சர்க்கரை. தாகம் கூடி, போவதும் கூடியிருந்தால் ரத்தச் சர்க்கரை பாருங்கள்.

அன்றைக்கே டாக்டர்: காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், ஒரே நாளில் கூடிய குழப்பம், எழுப்ப எழுப்ப அசந்து தூங்குவது.

உடனே மருத்துவமனை: காலையிலிருந்து சிறுநீரே போகாமல் அடிவயிறு கல் மாதிரி இருந்தால், அல்லது நனைவதோடு முதுகுவலியும் கால் பலவீனமும் தொடையிடுக்கு மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால். இரண்டாவதாகச் சொன்னது, தண்டுவடத்தின் அடியில் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

## பாத்ரூம் வாசல் வரை வந்து, அங்கேயே போய்விடுகிறார்

இது நல்ல அறிகுறி என்பேன். உணர்வு இருக்கிறது, போக வேண்டும் என்று தெரிகிறது. நேரம்தான் போதவில்லை.

உடையைப் பாருங்கள். அம்மா ஒருநாள் இடுப்பு நாடாவின் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதை யாரோ போட்ட முடிச்சு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். இழுத்தால் அவிழும் என்பது கைக்கு மறந்துபோயிருந்தது. அன்றே எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் தைத்தேன். பாதி நனைவது அதிலேயே குறைந்தது. நாடா, கொக்கி, பொத்தான், ஜிப் எதுவும் வேண்டாம்.

பிறகு தூரம். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் எழுவதிலேயே நேரம் போய்விடும். உயரமான இருக்கையும் கைப்பிடியும் வைத்துப் பாருங்கள். பிறகு நேரம். நோட்டில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நனைகிறது என்றிருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். அவசரம் வரும் முன்னே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன். குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துகிறது, அவசரம் இன்னும் கூடுகிறது, மலமும் இறுகுகிறது. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைய விட வேண்டாம். காபி, டீயை வேண்டுமானால் குறைத்துப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஞாபகத்துக்காகக் கொடுக்கும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தைக் கூட்டும். அது தெரியாமல் அவசரத்துக்கென்று ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தைச் சேர்த்தால், ஒன்று ஏற்றுவதை இன்னொன்று இறக்குகிறது. ஆக்ஸிபியூட்டினின் குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கூட்டக்கூடியது. இப்படி இரண்டும் சேர்ந்து சீட்டில் இருந்தால், "ஒன்று மற்றொன்றால் வந்ததா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது: கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி குறுகிய அடி எடுத்து நடக்கிறார், நனைக்கிறார், மறதியும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்திருந்தால் மூளையில் நீர் தேங்கும் ஒரு நிலையை விலக்கிப் பார்க்க வேண்டும். ஹக்கீம், ஆடம்ஸ் என்ற டாக்டர்கள் 1965இல் விவரித்தது. ஸ்கேனில் மூளையின் நீர்அறைகள் பெரிதாகத் தெரியும். குழாய் வைத்து நீரை வடித்தால் சிலருக்கு நல்ல முன்னேற்றம் இருக்கும். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் பொதுவாக நனைப்பது நடுவிலோ கடைசியிலோதான் வரும். ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஆரம்பித்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

## மூலையில், குப்பைக்கூடையில், செடித்தொட்டியில் போகிறார்

அடக்கும் சக்தி அப்படியே இருக்கிறது. கழிப்பறை எது என்றுதான் தெரியவில்லை. குப்பைக்கூடையும் வட்டம், உள்ளே பள்ளம். கண்ணுக்கு அது கமோடு மாதிரி இருக்கிறது. திட்டுவதில் பயனில்லை.

கழிப்பறைக் கதவைத் திறந்தே வையுங்கள், விளக்கை அணைக்காதீர்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கமோடு என்றால் அவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கமோடின் இருக்கையை மட்டும் அழுத்தமான வேறு நிறத்தில் மாற்றுங்கள். கதவில் எழுத்தும் படமும் ஒட்டுங்கள், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஏனென்றால் பலர் குனிந்துதான் நடக்கிறார்கள். கமோடுக்கு முன் கிடக்கும் கறுப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள். அது குழி மாதிரி தெரியும், தாண்ட மாட்டார். கண்ணாடியை மூடுங்கள். அம்மா ஒரு வாரம் கழிப்பறைக்குள் நுழைந்ததும் திரும்பி வந்தார். "உள்ளே ஒரு அம்மா இருக்காங்க, அவங்க வரட்டும்" என்றார். கண்ணாடிமேல் ஒரு துண்டைப் போட்டேன். பிரச்சனை தீர்ந்தது.

அவர் வழக்கமாகப் போகும் மூலையில் ஒரு நாற்காலியைப் போடுங்கள், கூடைக்கு மூடி போடுங்கள். இதற்கெல்லாம் டாக்டர் தேவையில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சுலபமாகச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர்) கிடைத்தால் ஒருமுறை காட்டுங்கள். நம் கண்ணுக்குப் பழகிப்போனது அவர் கண்ணில் படும்.

## உட்கார்ந்தால் வருவதில்லை, எழுந்ததும் போய்விடுகிறது

வேண்டுமென்றே செய்கிறார் என்று தோன்றும். இல்லை. எதற்காக உட்கார்ந்தோம் என்பது உட்கார்ந்த அரை நிமிடத்தில் மறந்துவிடுகிறது.

பாதம் தரையில் படிகிறதா? தொங்கினால் காலுக்கடியில் சின்னப் பலகை. முன்னால் சாய்ந்து, முழங்கை தொடையில் ஊன்றட்டும். எதிரே நின்று பார்க்காதீர்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு துண்டை மடியுங்கள். குழாயைத் திறந்துவிடுங்கள். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் சட்டென்று எழ மாட்டார். முடித்தபின் ஒருமுறை எழுப்பி, மறுபடி உட்கார வையுங்கள்; மிச்சம் அப்போது வரும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் எந்நேரமும் சொட்டுகிறது, வரும்போது தாரை மெலிந்திருக்கிறது என்றால், சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் முதல் சந்தேகம். இங்கே டாக்டர் வேண்டும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று வலியில்லாத ஸ்கேனில் பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் அடக்குவதற்கான மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது.

## இரவில் மட்டும்

மாலை ஆறு மணிக்குப் பிறகு குடிப்பதைக் குறைத்து, அந்த அளவைப் பகலுக்கு மாற்றுங்கள். மொத்தம் குறையக் கூடாது. படுக்கும் முன் ஒருமுறை, நீங்கள் படுக்கப் போகும்போது இன்னொருமுறை அழைத்துப் போங்கள்.

மாலையில் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். வீக்கம் புதிதாக வந்திருந்தால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு எரியட்டும். கட்டிலோரம் கமோடு நாற்காலி வைத்தால் மூடியைத் திறந்தே வையுங்கள். மூடியிருந்தால் அது அவருக்கு வெறும் நாற்காலி. இரவில் எழுந்து போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு உடைவதுதான் பெரிய ஆபத்து, நனைந்த படுக்கையல்ல. சத்தமான குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பவர்களுக்கு இரவுச் சிறுநீர் கூடும்.

## மலம் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருக்கிறது

பேதி என்று நினைத்து மாத்திரை கொடுக்கும் முன் நில்லுங்கள். வீடு வீடாக நடக்கும் தவறு இதுதான்.

கேட்க வேண்டிய கேள்வி: உருவான மலம் கடைசியாக எப்போது வந்தது? நாலைந்து நாள் ஆகியிருந்து, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்புத் தண்ணீர் டயப்பரில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது பேதியல்ல. உள்ளே கல்லாக இறுகிய மலம் அடைத்திருக்கிறது. அதன் ஓரத்தில் மேலிருந்து வரும் தண்ணீர் மட்டும் கசிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். அம்மாவுக்கு நான் இரண்டு நாள் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் வந்த நர்ஸ் கையுறை போட்டுப் பரிசோதித்து, "அடைச்சிருக்குங்க, இது லூஸ் மோஷன் இல்ல" என்றார்.

சாப்பாடு குறைவது, வயிறு உப்புவது, காரணமில்லாத எரிச்சல், கையைப் பின்னால் கொண்டுபோவது எல்லாம் கூட வரும் அடையாளங்கள். சொல்லத் தெரியாதவரின் வயிற்றுவலி கோபமாகத்தான் வெளியே வரும்.

வீட்டிலேயே விரலால் எடுக்க முயலாதீர்கள். அடைப்பு இருக்கும்போது நார்ப்பொடியை அள்ளிக் கொடுக்காதீர்கள், அது இன்னும் கட்டியாகும். நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். மலத்தை இளக்கும் மருந்தா, எனிமாவா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வாந்தியும் வயிறு வீக்கமும் சேர்ந்தால், மலம் தார் மாதிரி கறுத்தால், ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனை.

அடைப்பு நீங்கிய மறுநாளே பழக்கத்தை ஆரம்பியுங்கள். சாப்பிட்ட இருபது முப்பது நிமிடத்தில் பெருங்குடல் தானாக அசையும், காலைச் சாப்பாட்டுக்குப் பின் இன்னும் நன்றாக. அந்த நேரத்தைத் தவறவிடாமல் தினமும் உட்கார வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், மார்ஃபின் வகை வலி மருந்து மூன்றும் மலத்தை இறுக்கும். அவை இருந்தால் இளக்கும் மருந்து கூடவே வேண்டுமா என்று கேளுங்கள்.

உண்மையான பேதியாகவே இருந்தால் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: டோனெபெசில், மெட்ஃபார்மின், மெக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்து, இளக்கும் மருந்தின் அளவு. ஆன்டிபயாடிக் எடுத்தபோதோ எடுத்த சில வாரத்திலோ கடும் பேதி வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

## மலத்தைக் கையால் எடுக்கிறார், பூசுகிறார், ஒளித்து வைக்கிறார்

குடும்பம் உடைந்துபோகும் இடம் இது. வெளியே யாரும் பேச மாட்டார்கள்.

அவருக்கு அங்கே ஏதோ உறுத்துகிறது. கை போகிறது. கையில் ஒட்டியது என்னவென்று தெரியவில்லை, சுவரில் துடைக்கிறார். காரணம் அவ்வளவே. மலச்சிக்கலா, மூலமா, தோல் எரிகிறதா, டயப்பர் நனைந்து வெகுநேரம் ஆகிவிட்டதா என்று வரிசையாகப் பாருங்கள். துணியில் சுற்றி அலமாரியில் ஒளிப்பவர் வெட்கத்தால் ஒளிக்கிறார். அசிங்கம் என்ற உணர்வு அவருக்கு இன்னும் இருக்கிறது; அதற்கு மரியாதை கொடுத்து, சத்தமில்லாமல் எடுத்துப் போடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கைக்கு வேலை கொடுங்கள், மடிக்கத் துணி போதும். பின்பக்கம் மூடும் ஒற்றை உடை கடைசி வழி. அதுவும் காரணத்தைத் தேடி முடித்த பிறகுதான்.

## வர மறுக்கிறார், மாற்ற விடமாட்டேன் என்கிறார்

"பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். "வாம்மா, கையலம்பிட்டு வரலாம்" என்று கை நீட்டுங்கள். உள்ளே போனபின் மற்றது தானே நடக்கும். மறுத்தால் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் புதிதாக வாருங்கள். உடையை இழுப்பது, திடீரென்று பேச்சு நிற்பது, எழுந்து எழுந்து உட்காருவது: இவைதான் அவர் கேட்கும் விதம்.

நனைந்திருந்தால் "என்ன பண்ணி வச்சிருக்கே" என்ற சொல் வாயில் வரக் கூடாது. ஒரு ராத்திரி மூன்றாவது தடவை மாற்றும்போது எனக்கு வந்துவிட்டது. அம்மா, "நீங்க யாரு, எதுக்கு என்னைத் திட்டறீங்க?" என்று கேட்டார். அதன் பிறகு "ஈரமா இருக்கும்மா, வேற போட்டுக்கலாம்" என்பதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களுக்கும் அந்த எல்லை வந்துவிட்டால், இரவில் ஓரிரு நாள் வேறு ஒருவரை வைக்க வேண்டிய நேரம் அது. உதவி கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

## டயப்பர் போட்டும் கசிகிறது

பெரும்பாலும் அளவுதான். பெரிய அளவு அதிகம் தாங்கும் என்பது தப்பு. தொடை இடைவெளி வழியே ஒழுகும். தொடையோர எலாஸ்டிக் உள்ளே மடிந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஆண்களுக்குக் குறியைக் கீழ்நோக்கி வைத்து மூடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட வேண்டாம். உள்ளே இருப்பதன் அடி பிளாஸ்டிக், ஈரம் அடுத்ததுக்கு இறங்காது. தடிமனாகக் களிம்பு பூசினாலும் டயப்பர் உறிஞ்சாது.

## தோல் சிவந்திருக்கிறது

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, பிறகு ஜிங்க் ஆக்சைடோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய பூச்சு. காரமான சோப்பும் பவுடரும் வேண்டாம்.

சிவப்பின்மேல் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் ஈரத்தால் வந்த எரிச்சலாக இருக்கலாம். வெளுக்காமல் அப்படியே நின்றால், அதுவும் எலும்பு துருத்தும் இடத்தில் என்றால், படுக்கைப்புண் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ளதைவிடக் கறுப்பாக, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொடையிடுக்கில் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளோடு பரவினால் பூஞ்சை. அதற்குத் தனி மருந்து. தோல் உரிந்தாலோ, வெளுக்காத சிவப்பு இருந்தாலோ அன்றே நர்ஸிடம் காட்டுங்கள்.

## கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டுவிடலாமா?

களைத்துப்போன எல்லோரும் கேட்பது. நானும் கேட்டேன். சிறுநீர் போகவே முடியாமல் தேங்கும்போது, ஆறாத புண் நனைந்துகொண்டே இருக்கும்போது, கடைசி நாட்களில் அசைத்தாலே வலிக்கும்போது அது தேவைப்படலாம். நனைப்பதை நிறுத்த மட்டும் என்றால் வேண்டாம். தொற்று வரும் வாய்ப்பு நாளுக்கு நாள் கூடும். அது என்னவென்று தெரியாதவர் பிடித்து இழுப்பார்; உள்ளே பலூன் ஊதியிருக்கும், இழுத்தால் சிறுநீர்ப்பாதை கிழியலாம். மருத்துவமனையில் வேறு காரணத்துக்காகப் போட்டு அனுப்பினால், ஏன் போட்டார்கள், எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்ற இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.